மூடிய குழாயின் முழு அழுத்தம்

நீர் அழுத்தப் பேணல் வாரியத்தை யாராவது குறை சொன்னால் கண்ணாடிக்காரருக்குப் பிடிக்காது. மூக்குக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துக்கொண்டே வாரியத்தைத் திட்டித் தீர்க்கும் வாடிக்கையாளர்களிடம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "முறைப்படி எழுதிக் கொடுத்தீங்களா?" அவர்கள் கொடுத்திருக்க மாட்டார்கள். உடனே கண்ணாடிக்காரர் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வரும். ஆண்டவன் சில பேரை அரசாங்கக் காகிதத்தை நம்புவதற்கென்றே படைக்கிறான். அவர்களில் இவர் முதல் வரிசை.

அவர் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒரு மின்சார ஷவர் இருந்தது. ஸ்விட்சைப் போட்டால், வருகிற தண்ணீரை வருகிற வேகத்திலேயே சுடவைத்துத் தலையில் கொட்டும் வெள்ளைப் பெட்டி. ஒரு வாரமாக அது கொட்டவில்லை, மூக்கால் அழுதது. பத்துப் பன்னிரண்டு நூலாகத் தண்ணீர் வந்து, ஆள் மேல் படுவதற்குள் மனசு மாறிச் சுவர்ப்பக்கம் ஒதுங்கிவிடும். தண்ணீர் குறைந்தால் பெட்டிக்குச் சூடு ஏறும். சூடு ஏறினால் 'டக்' என்று தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அதோடு அன்றைய வெந்நீர் முடிந்தது.

வேறு வீடாக இருந்தால் வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இங்கே அது முடியாது. கண்ணாடிக்காரரின் மனைவி தையல்காரி. அவளுடைய வலது தோள் இறுகிப்போய், கை நெஞ்சுக்கு மேல் எழும்ப மறுத்து ஆறு வாரமாகிறது. பிசியோதெரபி அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "தினம் காலையில பதினஞ்சு நிமிஷம் வெந்நீர் தோள் மேல விசையா விழணும். விழுந்த சூட்டோட கையைச் சுவத்துல வச்சு மேலே மேலே ஏத்தணும். மூணு மாசத்துக்குள்ள தலைக்கு மேல போயிடணும். நடுவுல விட்டீங்கன்னா கை அப்படியே உறைஞ்சிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

படுக்கையறைச் சுவரில் தையல் சாக்குக்கட்டியால் கோடுகள் போட்டு வைத்திருந்தாள் மனைவி. ஒவ்வொரு நாளும் விரல் எட்டிய உயரத்தில் ஒரு கோடு. கோடுகள் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஷவர் அழ ஆரம்பித்த வாரத்தில் கோடு நின்ற இடத்திலேயே நின்றது.

மனைவியின் தம்பி குழாய் வேலை செய்பவன். போனில் கேட்டதுமே சொல்லிவிட்டான். "அக்கா, தண்ணி உள்ள போற இடத்துல சல்லடை மாதிரி சின்னதா ஒரு ஜாலி இருக்கும், அதுல மண்ணு அடைச்சிருக்கும். ஷவர் தலையில உப்பும் படிஞ்சிருக்கும். பத்து நிமிஷ வேலை. நான் வெளியூர்ல ஒரு கட்டடத்துல மாட்டிக்கிட்டேன், ஞாயித்துக்கிழமை வந்துடறேன். ஒரு பாட்டில் வினிகர் மட்டும் வாங்கி வை."

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணாடிக்காரர் தண்ணீர் வரி ரசீதைத் திருப்பிப் பார்த்தார். ரசீதின் பின்பக்கம் எறும்புக்கால் எழுத்தில் நாற்பத்தோரு விதிகள் அச்சாகியிருந்தன. லென்ஸ் வைத்துப் பிழைக்கிறவர் என்பதால் அவருக்கு அது படிக்கக் கிடைத்தது. வாரியம் தொடங்கிய நாள் முதல் அதைப் படித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். பதினேழாவது விதி இப்படிச் சொன்னது: 'வலுக்குறைந்த நீர்வரத்தை ஏழு நாட்களுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்காத இணைப்புதாரர், அதை மனமுவந்து ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார்.'

"பாத்தியா? நாம மனமுவந்து ஏத்துக்கிட்டதா ஆயிடும்," என்றார்.

"ஆயிட்டுப் போகட்டுமே. ஞாயித்துக்கிழமை தம்பி வர்றான். எதுக்குங்க வம்பை விலை கொடுத்து வாங்கறீங்க?"

"இது வம்பு இல்லம்மா, வழிமுறை."

மறுநாள் கடையைத் திறக்காமல் வாரியத்துக்குப் போனார்.

வாரியக் கட்டடம் மூன்று மாடி. வாசலில் ஒரு நீரூற்று, நடுவில் மீன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மீன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. உள்ளே கைகழுவும் இடத்தில் ஐந்து குழாய்கள் வரிசையாகப் பளபளத்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது: 'அழுத்தம் பேணப்படுகிறது. திறக்காதீர்.' பக்கத்தில் ஒரு டிரம்மும் ஒரு குவளையும் வைத்திருந்தார்கள். வாரியத்து ஊழியர்கள் அந்தக் குவளையில்தான் கை கழுவினார்கள். கண்ணாடிக்காரருக்கு இதில் எதுவும் உறுத்தவில்லை. என்ன ஒரு கட்டுப்பாடு என்று வியந்துகொண்டுதான் கவுன்டருக்குப் போனார்.

கவுன்டர் குமாஸ்தா படிவத்தை நீட்டினார். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'நீர் வருகிறது.' 'நீர் வரவில்லை.'

"வருதா, வரலையா?" என்றார் குமாஸ்தா.

"வருது. ஆனா..."

"சார், 'ஆனா'வுக்கு இங்க கட்டம் இல்ல."

"ரொம்பக் கம்மியா வருதுங்க."

"கம்மியா வந்தாலும் அது வர்றதுதானே? உங்க சம்பளம் கம்மின்னா, வரலைன்னு சொல்வீங்களா?"

அந்த ஒப்பீட்டின் நியாயத்தில் கண்ணாடிக்காரர் ஒரு நிமிடம் சொக்கிப்போனார். கடைசியில் குமாஸ்தாவே மனமிரங்கி, இரண்டு கட்டத்திலும் பாதி பாதி டிக் போடச் சொன்னார். அடுத்த சிக்கல் கையெழுத்து. இணைப்பு மனைவி பெயரில் இருந்தது. அவள் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். தோள் வலியில் பேனா இழுத்த இழுப்புக்கெல்லாம் போயிருந்தது. குமாஸ்தா அதைப் பழைய பதிவோடு வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது அவங்க கை இல்லையே."

"அவங்க கைதாங்க. அந்தக் கைக்குத்தான் உடம்பு சரியில்ல. அதுக்காகத்தான் ஷவரே."

"அப்போ கை குணமானதும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"ஷவர் சரியானாத்தாங்க கை குணமாகும்."

"கை குணமானாத்தான் ஷவர் புகாரை எடுத்துக்க முடியும். ரெண்டுல எதை முதல்ல செய்யறதுன்னு வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. நாங்க அதுல தலையிட மாட்டோம்."

பிசியோதெரபி அம்மாவிடமிருந்து ஒரு சான்றிதழ், இடது கைப் பெருவிரல் ரேகை, அந்தக் கையும் அதே ஆளுடையதுதான் என்று தெருக்காரர்கள் இரண்டு பேரின் உறுதிமொழி. எல்லாம் சேர்ந்து சனிக்கிழமை மதியம் புகார் பதிவாகியது. பதிவு எண் எழுதிய துண்டுச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தேறியவர் மாதிரி வீட்டுக்கு வந்தார் கண்ணாடிக்காரர். அவருக்கு முன்பே வாரியத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து குளியலறையில் நின்றார்கள். வாரியத்தின் வரலாற்றில் இவ்வளவு சுறுசுறுப்பாக வேறு எந்த வேலையும் நடந்ததில்லை.

அவர்கள் ஷவர் தலையைத் துணியால் சுற்றினார்கள். குழாயைச் சுற்றினார்கள். தண்ணீர் உள்ளே போகும் வால்வைச் சுற்றினார்கள். மூன்று முடிச்சிலும் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள்.

"என்னங்க இது?" என்று மனைவி பதறினாள்.

"புகார் கொடுத்தாச்சு இல்லம்மா, இனி இது சான்றுப் பொருள். விசாரணை முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. முத்திரையை உடைச்சா வீட்டு இணைப்பையே துண்டிச்சிடுவாங்க," என்றார் மூத்தவர். அரக்குக் கறை பட்ட கையைக் கழுவக் குழாயைத் திறக்கப் போனவர், பழக்க தோஷத்தில் பின்வாங்கி, "ஒரு குவளை தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார்.

அழுதுகொண்டாவது இருந்த ஷவர் இப்போது வாயைக் கட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு மைத்துனன் வந்தான். ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் பழைய டூத் பிரஷ். குளியலறை வாசலில் நின்று, கட்டுப் போட்ட ஷவரை மேலும் கீழும் பார்த்தான்.

"மாமா, இதுக்கு யாரு அடிபட்ட மாதிரி கட்டுப் போட்டது?"

கண்ணாடிக்காரர் பதினேழாவது விதியைச் சொன்னார்.

"மாமா, பத்து நிமிஷம். அந்த ஜாலியைக் கழட்டித் தட்டினாப் போதும். அரக்கை நான் திரும்ப ஒட்டிடறேன், ஒருத்தனுக்கும் தெரியாது."

"வேணாம் மச்சான். அவங்க ஏற்கெனவே நடவடிக்கை எடுத்துட்டாங்க. நாம குறுக்க போகக்கூடாது."

"எடுத்தது நடவடிக்கையை இல்ல மாமா, ஷவரை."

மனைவி வினிகர் பாட்டிலை எடுத்துப்போய் அலமாரியில் வைத்தாள்.

அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் காலையில் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, முக்காலி மேல் ஏறி நின்று, குவளை குவளையாக அவள் தோளில் ஊற்றினார். முதல் குவளை கொதிக்கும், கடைசிக் குவளை ஆறிப்போகும். விசை என்று எதுவும் இல்லை. நான்கு நிமிடத்தில் அண்டா காலி. சுவரில் சாக்குக்கட்டிக் கோடு ஒரு விரல் இறங்கியது, பிறகு இரண்டு விரல். அதற்குப் பிறகு அவள் கோடு போடுவதை நிறுத்திவிட்டாள். வெட்டுவதற்கு வந்த துணிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தாள். அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போய் வாரியத்தில் நினைவூட்டுக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தார்.

பதினெட்டாம் நாள் அளவர் வந்தார். அளவர் என்றால் வாரியத்தில் அழுத்தத்தை அளப்பவர். வெல்வெட் பெட்டிக்குள் பித்தளைக் கடிகாரம் போல ஒரு கருவி வைத்திருந்தார். அதை வாசல் மீட்டருக்குப் பக்கத்தில் திருகிப் பொருத்தினார். பிறகு கையை உயர்த்தி உத்தரவிட்டார்.

"வீட்டுல இருக்கற எல்லாக் குழாயையும் மூடுங்க."

மூடினார்கள்.

"மாடி வீட்டுக்காரங்களையும் மூடச் சொல்லுங்க. எதிர் வீட்டையும்."

கண்ணாடிக்காரர் ஓடி ஓடிச் சொல்லிவிட்டு வந்தார். தெரு முழுவதும் தண்ணீரை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கருவியின் முள் விருட்டென்று ஏறிப் பச்சைப் பகுதியின் உச்சியைத் தொட்டது. அளவரின் கண்கள் கலங்கிவிட்டன.

"பிரமாதம்! இந்த மாதிரி அழுத்தத்தை நான் என் சர்வீஸ்லயே ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன்."

"சந்தோஷம்ங்க. இப்போ கட்டைப் பிரிச்சு ஷவரைத் திறந்து ஒரு தடவை பாத்துடலாமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

அளவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "திறந்தா குறையுமே."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்."

"சார், நல்லாக் கேட்டுக்கங்க. மூடியிருக்கும்போது அழுத்தம் முழுசா இருக்கு. நீங்க திறந்ததும் குறையுது. அப்போ குறைக்கறது யாரு? நாங்க கொடுக்கறோம், நீங்க திறக்கறீங்க. இருபத்தி மூணு வருஷமா பாக்கறேன், திறக்காத வீட்டுலேர்ந்து ஒரு புகார் வந்ததில்ல."

"திறக்காம எப்படிங்க குளிக்கறது?"

"அது சுகாதாரத் துறை. எங்க துறை அழுத்தம்."

கடையில் எத்தனையோ பேரை எழுத்துப் பலகை முன் உட்காரவைத்து, எழுத்து தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டவர் அவர். கண்ணை மூடவைத்துச் சோதித்து, பார்வை பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. தோன்றியதை அங்கேயே அடக்கிக்கொண்டு அளவரைப் பார்த்து நீர்த்த மோர் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்து வழியனுப்பினார். அளவர் அறிக்கை எழுதினார்: 'அழுத்தம் மிகச் சிறப்பு. இணைப்புதாரர் குழாயைத் திறக்கும் பழக்கம் உடையவர்.'

மேல்முறையீடு செய்தார். அது அழுத்த ஆணையரிடம் போனது. ஆணையர் அறையில் குளிர்சாதனம் ஓடியது. மேசை மேல் அந்த வாய் பிளந்த மீனின் சின்னச் சிலை ஒன்று இருந்தது. ஆணையர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா நீங்க எங்க பக்கமும் கொஞ்சம் யோசிக்கணும். இந்த வாரியம் ஆரம்பிச்சப்போ மக்கள் தண்ணியைக் கண்டபடி திறந்துக்கிட்டிருந்தாங்க. அழுத்தம் எங்கயுமே நிக்கல. நாங்க விதிகளைக் கொண்டு வந்தோம், கட்டணத்தைக் கொண்டு வந்தோம், அரக்கைக் கொண்டு வந்தோம். இன்னிக்கு எங்க தலைமைத் தொட்டியில தண்ணி எப்பவும் நிரம்பியே இருக்கு. ஒரு சொட்டு குறையல. இதைப் பெருமைக்காகச் சொல்லல, வெளியூர்லேர்ந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. நிலுவையில இருக்கற புகார் எத்தனை தெரியுமா? பூஜ்யம். எப்படின்னு கேளுங்க."

"எப்படிங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

"எல்லாப் புகாரையும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை அவை கூட்டி முடிச்சிடுவோம். வர்ற வியாழக்கிழமை நடக்குது. இணைப்புதாரரைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. யாருக்காவது எதிர்ப்பு இருந்தா அங்கேயே தெரிவிக்கலாம். ஒருத்தர் எதிர்த்தாலும் புகாரை மூட மாட்டோம், மறுநாளே ஆள் அனுப்பி அடைப்பை எடுத்துக் கொடுத்துடுவோம். அவ்வளவு ஜனநாயகம்."

அடைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். "அடைப்புதான்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

"எல்லா வீட்டுலயும் அதானே சார்? எங்க குழாய்ல வர்ற மண்ணு வேற எங்க போகும்?" என்று ஆணையர் மனம்விட்டுச் சிரித்தார்.

வியாழக்கிழமை அவர்கள் இருவரும் போனார்கள். அன்றோடு பிசியோதெரபி அம்மா சொன்ன மூன்று மாதத்தில் ஒன்பது நாள்தான் பாக்கி. வாரியத்து மண்டபத்தில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பெயரைக் கூப்பிடுவார்கள், அவர் எழுந்து நிற்பார், மேடையில் அளவர் அறிக்கையைப் படிப்பார், எதிர்ப்பு உண்டா என்று கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் காத்திருந்த களைப்பில் வீட்டுக்குப் போனால் போதும் என்று பேசாமல் நின்றார்கள். புகார்கள் மளமளவென்று மூடப்பட்டன.

மனைவியின் முறை வந்தது. எழுந்து நின்றாள்.

"எதிர்ப்பு இருந்தா வலது கையைத் தலைக்கு மேல உயர்த்திக் காட்டவும்," என்று குமாஸ்தா ஒலிபெருக்கியில் வாசித்தார்.

அவள் வலது கையைத் தூக்கினாள். கை இடுப்பைத் தாண்டியது, நெஞ்சுக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தூக்கினாள். முகமெல்லாம் வேர்த்தது. கை அசையவில்லை.

"எனக்கு எதிர்ப்பு இருக்குங்க," என்றாள் சத்தமாக.

"வாயால சொல்றது பதிவாகாதும்மா. கை தெரியணும்," என்றார் குமாஸ்தா.

அவள் இடது கையை உயர்த்தினாள்.

"இடது கை நன்றி தெரிவிக்கறதுக்கு," என்றார் ஆணையர் கனிவாக. "ரொம்ப சந்தோஷம்மா."

கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்து தன்னுடைய இரண்டு கைகளையும் தூக்கினார். "சார், அவங்களுக்குத் தூக்க முடியாது! அதுதான் சார் புகாரே!"

"நீங்க இணைப்புதாரர் இல்ல, உட்காருங்க," என்றார் குமாஸ்தா. பதிவேட்டில் அவர் எழுதியதை ஒலிபெருக்கி எல்லோருக்கும் வாசித்தது: "எதிர்ப்பு எதுவும் இல்லை. இணைப்புதாரர் நன்றி தெரிவித்தார். புகார் நிறைவு." யாரோ பின்வரிசையில் கைதட்டினார்கள். அரக்கு முத்திரையை எடுக்க ஆள் எப்போது வருவார் என்று கேட்டதற்கு, நிறைவடைந்த புகார்களுக்கு ஆள் அனுப்பும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது.

இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். உள்ளே வந்ததும் கண்ணாடிக்காரர் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. மெயின் ஸ்விட்சை அணைத்தார். கடைப் பையிலிருந்து, கண்ணாடிக் காம்புகளுக்குத் திருகு போடும் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதன் நுனியை முதல் அரக்கு முத்திரையில் வைத்து நெம்பினார். பிஸ்கட் மாதிரி உடைந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. வானம் இடிந்து விழவில்லை. வால்வை மூடி, இணைப்பைக் கழற்றி, உள்ளேயிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஜாலியை இடுக்கியால் வெளியே எடுத்தார். அது நிறைய மண்ணும் துருவும் அப்பியிருந்தன. டூத் பிரஷால் இரண்டு தேய்ப்பு. ஷவர் தலையை வினிகரில் போட்டு எடுத்துத் துளைகளைக் குத்திவிட்டார். எல்லாவற்றையும் திரும்பப் பொருத்திக் கடிகாரத்தைப் பார்த்தார். மைத்துனன் சொன்ன பத்து நிமிடம் கூட ஆகவில்லை. லென்ஸ் வேலை பழகிய கை, அதனால் எட்டில் முடிந்துவிட்டது.

மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஷவர் திறந்தது. தரையில் தண்ணீர் அறைகிற சத்தம் கூடம் வரை கேட்டது. பெட்டி அணையவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று. அவர் ஈரத் துணியும் உடைந்த அரக்குமாகக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். இணைப்பைத் துண்டிப்பார்களோ என்ற பயம் அவருக்கு இப்போதும் இருந்தது. ஆனால் அவரை அங்கே நிற்கவைத்தது அந்தப் பயமில்லை.

"ஏங்க," என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. கோபமாகக் கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "அவங்களுக்கு அதான் பொழப்பு, அவங்க அப்படித்தான் இருப்பாங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு இத்தனை நாளா?"

தண்ணீர் நல்ல பலமாக விழுந்துகொண்டிருந்ததால், காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்ள அவருக்கு வசதியாக இருந்தது.